புகைக்கோடாலியில் இருந்த சிவப்பு

போன கிழமை தர்ஷினி ஃபோன் எடுத்தவள். நான் வேலை செய்த மியூசியத்தில, நான் இருந்த அதே லாப்பில இப்ப வேலை செய்யிற பிள்ளை. குவேக்கர்ஸ் ஹில்லில இருக்கிறாள், தாய்தகப்பன் எனக்கு நல்ல பழக்கம். நான் தமிழில கேப்பன், அவள் இங்கிலீசில மறுமொழி சொல்லுவாள், அப்பிடியே ரெண்டு பேரும் மணிக்கணக்கில கதைப்பம். அந்தப் பைப் டொமஹோக் தன்ர சனத்திட்டத் திரும்பிப் போகுதாம். தான்தான் பெட்டியில அடுக்கிறாளாம், அண்டைக்கு என்னையும் வரட்டாம். அதின்ர வெட்டுக்கோட்டுக்குள்ள சிவப்புக் கிடக்கு, இவ்வளவு காலமும் ஏன் ஒருத்தரும் கழுவேல்லை, அன்ரிக்கு அதைப் பற்றித் தெரியுமோ எண்டு கேட்டாள்.

தெரியுமோவாம். அந்தச் சிவப்பால எனக்கு வேலையே போகப் பாத்தது, அவளுக்கு எங்க விளங்கப் போகுது? இது ஃபோனில சொல்லுற கதையில்லை, எழுதித் தாறன் எண்டு வைச்சிட்டன். தமிழில எழுதினால் வாசிப்பாளோ தெரியாது. தகப்பன் வாசிச்சுக் காட்டட்டும்.

முதல்ல பொருள் என்னெண்டு சொல்லிப்போடுறன். டொமஹோக் எண்டால் சின்னக் கைக்கோடாலி. வட அமெரிக்காவில, நியூயோர்க் பக்கமும் கனடாப் பக்கமுமாக, ஹோடினோஷோனி எண்டு ஒரு சனம் இருக்கு. வெள்ளைக்காரர் இரோகுவாய் எண்டு எழுதி வைச்சதும் அவையளைத்தான். இந்தக் கோடாலிக்கு ஒரு பக்கம் வெட்டுற அலகு. மற்றப் பக்கம், சுத்தியல் இருக்க வேண்டிய இடத்தில, புகையிலை வைக்கிற சின்னக் கிண்ணம். மரப்பிடிக்கு உள்ளால நெடுக துளை. கிண்ணத்தில நெருப்பு வைச்சுப் பிடியின்ர அடியில வாயை வைச்சு இழுத்தால் புகை வரும். சண்டைக்கும் அதுதான், சமாதானம் பேசி முடிச்சு ஆளுக்காள் மாறி இழுக்கிறதுக்கும் அதுதான். எங்களிட்ட இருந்தது இரும்பு. அலகில வெள்ளியில ஒரு பிறை பதிச்சு, அதைச் சுத்திக் கொடி ஓடுற மாதிரி வெட்டுக்கோடு. பிடியில பித்தளைக் கம்பி சுத்தி, அடியில தோல் வார் கட்டி, அதில முள்ளம்பன்றி முள்ளுக்குச் சாயம் போட்டுத் தைச்ச வேலை. எந்தப் பட்டாளத்தான்ர பேரன் கொண்டுவந்து குடுத்ததோ, சிட்னியில ஒரு மேசை லாச்சிக்குள்ள கிடந்து துரு ஏறிப்போயிருந்தது.

நான் ரசாயனம் படிச்சவள். கொழும்பில ஒரு லாப்பில பழைய வெண்கலச் சிலையளில களிம்பு எடுக்கிற வேலை பழகி, கலியாணம் கட்டி, எழுபதுகளின்ர நடுவில இஞ்ச வந்தனாங்கள். வெள்ளைத் தோலுக்கு மட்டும் எண்டு பூட்டி வைச்சிருந்த கதவை அவுஸ்திரேலியா அப்பத்தான் திறந்திருந்தது. என்ர மனுசன் குணரத்தினம் ஊரில இஞ்சினியர். இஞ்ச அந்தப் படிப்புச் செல்லாதெண்டு பிளாக்டவுன் பக்கம் ஒரு ஃபக்டரியில மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர். வாயைத் திறந்து சொல்லாட்டிலும் மனுசன் உள்ளுக்குள்ள நொந்து போயிருந்தவர். அதால என்ர வேலைதான் எங்கட நம்பிக்கை. அதுவும் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கிறதோ வீட்டை அனுப்பிறதோ எண்டது மிஸ்டர் ஹாலின்ர ஒரு சொல்லில இருந்தது.

மிஸ்டர் ஹால் லாப்புக்குப் பொறுப்பானவர். நெடுவல், மெலிவு. கத்திப் பேசி நான் ஒருநாளும் கேக்கேல்லை. கோவம் வரவரக் குரல் இறங்கும். சரியான கோவம் எண்டால் கிட்டப் போய்க் காதைக் குடுத்தால்தான் கேக்கும், ஆனால் அந்த நேரம் கிட்டப் போக ஆருக்குத் துணிவு? மற்ற எல்லாரும் என்ர பேரைச் சொல்ல வராமல் மிஸிஸ் ஜி எண்டுதான் கூப்பிடுவினம். அவர் மட்டும் முதல் நாளே எப்பிடிச் சொல்லுறதெண்டு கேட்டு, ரெண்டு மூண்டு தரம் வாய்க்குள்ள சொல்லிப் பாத்து, பிறகு கடைசிவரை "மிஸிஸ் குணரத்தினம்" எண்டு ஒரு எழுத்தும் விடாமல் சொன்னவர். பிழையைச் சொல்லேக்கையும் அப்பிடித்தான், பேரை முழுசாச் சொல்லிப்போட்டுத்தான் ஏசுவார்.

அவருக்குக் கொஞ்சம் சட்டங்கள் இருந்தது. பொருளைக் கண்டவுடன கையை நீட்டக் கூடாது. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டு, மேசையைச் சுத்தி வந்து, கண்ணால பாத்து முடிக்க வேணும். பிறகு வெள்ளைக் கையுறை. பொருளை ரெண்டு கையால அடியில ஏந்திப் பஞ்சுத் தட்டில வைக்க வேணும். முக்கியமானது, கையிலிருந்து கைக்குக் குடுக்கக் கூடாது. நீ மேசையில வை, கையை எடு, பிறகு மற்றவர் எடுக்கட்டும். ரெண்டு பேர் பிடிச்சிருக்கிற பொருளை ஒருத்தரும் பிடிக்கேல்லை எண்டுவார். இது எனக்குக் கஷ்டமாத் தெரியேல்லை. எங்கட வீட்டிலயும் உப்பையும் கத்தியையும் கைக்குக் கை குடுக்க விடமாட்டினம், கீழ வை எண்டுதான் சொல்லுவினம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்தும் அம்மான்ர சட்டம்தான் எண்டு சிரிச்சுக்கொண்டன்.

லாப்புக்குள்ள போகேக்க மோதிரம், மணிக்கூடு, காப்பு எல்லாம் கழட்ட வேணும். அவர் தன்ர கலியாண மோதிரத்தைக் கழட்டிக் கதவடிக் கொழுக்கியில போட்டுட்டுத்தான் உள்ள வருவார். நானும் காப்பைக் கழட்டினன், தாலிக்கொடியைச் சட்டைக்குள்ள விட்டன். முதல் நாள் அவற்ற கண் என்ர நெத்தியில ஒருக்கா நிண்டது.

நெத்தியில இருந்தது குங்குமம். இணுவிலில இருந்து சின்னம்மா செய்து போத்தலில அனுப்பிறது. மஞ்சள், வெண்காரம், படிகாரம், தேசிக்காய்ப் புளி சேர்த்துக் காயவைச்சு இடிக்கிறது. அப்ப சிட்னியில கோயிலுமில்லை, குளமுமில்லை. மேய்ஸ் ஹில்லில முருகன் வந்து குடியிருக்கிறதுக்கு இன்னும் கனகாலம் கிடந்தது. கோயில் எண்டால் என்ர குசினி அலுமாரியின்ர மேல்தட்டுத்தான். அந்தப் போத்தல் முடிய முடிய எனக்கு மனம் பதறும்.

இனி விசயத்துக்கு வாறன். ஒரு பெரிய கண்காட்சி வைக்கப் போயினம். மியூசியத்துப் பெரியவருக்கு இந்தக் கோடாலி நடுக் கண்ணாடிப் பெட்டியில பளபளக்க வேணுமாம். துருப்பிடிச்ச சாமானைப் பாக்க ஆர் வருவினம் எண்டு கேட்டவராம். மிஸ்டர் ஹால் தலையையும் பிடியையும் வேற வேறாக் கழட்டினார். பிடி தளர்ந்துதான் கிடந்தது, பொல்லாப்பில்லாமல் வந்திட்டுது. தலையைச் சோடாத் தண்ணித் தொட்டியில விட்டு மின்சாரம் குடுக்கிறது, துரு கழண்டு வரும், பிறகு தூரிகையால தேய்ச்சு மெழுகு பூசிறது. அந்தக் காலத்து இரும்பு வைத்தியம் அதுதான். அதுக்கு முன்னம் மைக்ரோஸ்கோப்பில பாத்து, கோடுகளுக்குள்ள கிடக்கிற தூசியை மூங்கில் குச்சியால மெள்ளக் கிளறி எடுக்கிற வேலையை எனக்குத் தந்தார்.

ரெண்டாம் நாள் பிறைக்குக் கீழ்க் கோட்டில தூசியைக் கிளறேக்க சிவப்புக் கண்டன். குருவி கொத்தி விட்ட மாதிரி நாலைஞ்சு பொட்டு. துருவின்ர செம்மண் நிறமில்லை. சுத்தச் சிவப்பு. அந்தச் சனம் கோடாலியில சிவப்புப் பூசி அனுப்பினால் சண்டைக்கு அழைப்பெண்டு எங்கயோ வாசிச்சிருந்தனான். அப்பிடியெண்டால் இது ஆரோ விரலால தொட்டுப் பூசின சாயம். தொட்டிக்குள்ள போனால் அண்டைக்கே துருவோட சேர்ந்து கழண்டு போயிடும். ஓடிப்போய் மிஸ்டர் ஹாலைக் கூட்டிக்கொண்டு வந்தன்.

அவர் குனிஞ்சு கனநேரம் பாத்தார். நிமிந்தார். சிவப்பைப் பாத்த அதே பார்வையோட என்ர நெத்தியைப் பாத்தார்.

"மிஸிஸ் குணரத்தினம், அது உங்கடையோ?"

குரல் இறங்கிப் போயிருந்தது. இல்லையெண்டு சொன்னன். நீங்கள் மேசைக்கு மேல குனிஞ்சு வேலை செய்யிறனீங்கள், நெத்தியில உதிர்ற தூள் இருக்கு, கீழ சிவப்புத் தூள் கிடக்கு, நான் வேறென்ன நினைக்க எண்டு கேட்டார். அது பழைய சாயமா இருந்தால் தொட்டியில விடக் கூடாது எண்டன். "இருந்தால்" எண்டு அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். நாளைக்குப் பின்னேரம் தொட்டியில விடுறதெண்டும், அதுவரைக்கும் நான் பொருளைத் தொடக் கூடாதெண்டும், காலமை வரேக்க நெத்தியில ஒண்டும் இல்லாமல் வர வேணும் எண்டும் சொன்னார். இது உங்கடையெண்டால் உங்களை வைச்சிருக்கிறதைப் பற்றி யோசிக்க வேணும் எண்டதையும் சொன்னார். அதைச் சொல்லேக்க குரல் கேக்கேல்லை, வாய் அசைஞ்சதைத்தான் பாத்தன்.

ரயிலில வரேக்க எனக்கு வந்த கோவத்தைச் சொல்லி முடியாது. மோதிரத்தைக் கழட்டிறதும் பொட்டை அழிக்கிறதும் ஒண்டோ? அவர் மோதிரத்தைக் கழட்டினால் மனிசி செத்துப்போனா எண்டு ஆரும் சொல்லுவினமோ? பெட்டிக்குள்ள இருந்த சனம் முழுக்க என்ர நெத்தியையே பாக்கிற மாதிரி இருந்தது. பாத்தால் பாக்கட்டும் எண்டு நிமிந்து இருந்தன்.

வீட்டை வந்து இவரிட்டச் சொன்னால், இவர் கதிரையில சாய்ஞ்சிருந்து தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு நிதானமாச் சொல்லுறார்: "இஞ்சாரும், வேலை நேரம் மட்டும் அழிச்சுப்போட்டு, வரேக்க ரயிலில வைச்சுக்கொண்டு வாருமன். அங்க ஆர் பாக்கப் போகினம்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உயிரோட இருக்கிற மனுசன், தன்ர வாயால, பொட்டை அழியெண்டு சொல்லுறார். உங்களுக்கு அவ்வளவு அவசரமோ எண்டு கேட்டன். அவர் சிரிக்கப் பாத்து, என்ர முகத்தைக் கண்டு நிப்பாட்டிட்டார். பிறகு மெள்ளச் சொன்னார், உம்மட வேலையும் போச்செண்டால் நான் என்ன செய்ய எண்டு. அந்த மனுசன் அப்பிடி ஒரு சொல் அதுக்கு முன்னம் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. பொட்டுக்காக அழுதனோ இவருக்காக அழுதனோ தெரியாது.

விளக்கு வைப்பம் எண்டு குசினிக்குப் போய் அலுமாரித் தட்டைத் திறந்தன். குங்குமப் போத்தலுக்குப் பக்கத்தில தட்டில ஒரு நீளச் சதுரத் தடம் கிடந்தது, சந்தனம் காய்ஞ்ச தடம். நவராத்திரி முடிஞ்சு கனநாளில்லை. கடைசி நாள் ஆயுத பூசைக்கு என்ர வேலைப் பெட்டியை அந்தத் தட்டில வைச்சுக் கும்பிட்டனான். பெட்டியைச் சுத்தியும் மூடிக்கு உள்பக்கமும் சந்தனமும் குங்குமமும் வைச்சனான். தச்சன் உளிக்கு வைப்பான், தையல்காரி மெஷினுக்கு வைப்பாள், நான் ஊசிக்கும் குச்சிக்கும் வைச்சன். கும்பிட்டுப் போட்டு அதே பெட்டியைத் திரும்ப லாப்புக்குக் கொண்டுபோனன். அண்டைக்குக் கோட்டைக் கிளறின மூங்கில் குச்சி அந்தப் பெட்டிக்குள்ள இருந்துதான் எடுத்தது.

இல்லையெண்டு அவ்வளவு உறுதியாச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். இப்ப எனக்கே தெரியேல்லை. இவரைக் கேட்டால், பெட்டியைப் பற்றி வாயே திறக்காதையும் எண்டார். மிஸ்டர் ஹாலுக்கு எப்ப தெரியப் போகுது எண்டது இவற்ற நியாயம். எனக்கு அது சரிவரேல்லை. நான் சொல்லாமல் விட்டால் அந்தச் சிவப்பு ஆற்றதெண்டு கடைசிவரை எனக்கே தெரியாமல் போயிடும். என்ர குங்குமமெண்டால் துடைக்க வேணும். அந்தச் சனத்தின்ரயெண்டால் காப்பாத்த வேணும். ரெண்டில எதெண்டு தெரியாமல் வேலையைக் காப்பாத்தி என்ன செய்யிறது?

அடுத்த நாள் முழுகி, குங்குமத்தை வழக்கத்தை விடப் பெரிசா வைச்சுக்கொண்டு, ரயிலேறினன். வேலைப் பெட்டி மடியில. பின்னேரம் லாப்பை விட்டு வரேக்கையெல்லாம் அதைக் கையோட கொண்டு வாறது என்ர பழக்கம். மடியில கனமில்லாட்டில் வழியில பயமில்லை எண்டுவினம். எனக்கு மடி முழுக்கக் கனம்.

மிஸ்டர் ஹால் கதவடியில மோதிரத்தைக் கழட்டிக்கொண்டு நிண்டவர், என்ர நெத்தியைப் பாத்திட்டு அப்பிடியே நிண்டிட்டார். அவர் வாய் திறக்க முன்னம் நான் முழுக்கச் சொல்லிப்போட்டன், பூசை, பெட்டி, குச்சி எல்லாம். மூடியைத் திறந்தும் காட்டினன்.

"உங்கட ஆயுதத்தில தூள் பூசினீங்கள்" எண்டார். கிட்ட நிண்டதால கேட்டது.

ஓம் எண்டன். எங்கட ஆக்கள் வருசத்தில ஒருநாள் தொழில் ஆயுதத்தைக் கும்பிடுறனாங்கள் எண்டன். நெத்தியில ஒண்டும் இல்லாமல் வரச் சொன்னனே எண்டு கேட்டார்.

"அழிச்சுப்போட்டு வந்தால் எதோட ஒப்பிட்டுப் பாப்பீங்கள்? சாட்சியை வீட்டில விட்டிட்டு வழக்குக்கு வரேலாது."

அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டினார். ஒரு பொருளைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு, சொல்லுங்கோ எண்டார்.

நான் சொன்னன். எங்கட வீட்டில குங்குமம் வெள்ளைத் துணியில பட்டால் சவர்க்காரம் போட விடமாட்டினம், கறுத்துப் போகும். ஏனெண்டால் அது மஞ்சளில செய்தது, காரம் பட்டால் நிறம் மாறும். அந்தக் காலத்துச் சிவப்புச் சாயம் அனேகமா வெர்மிலியனா இருக்கும், நாங்கள் சாதிலிங்கம் எண்டுறது. அதுக்கு அமோனியா ஒரு துளி விட்டால் ஒண்டும் நடக்காது. குங்குமமெண்டால் கண்ணுக்கு முன்னாலயே கறுக்கும். பொருளுக்குக் கிட்ட அமோனியா கொண்டு போகேலாது, வெள்ளியும் பித்தளையும் கெட்டுப் போகும். அதால கோட்டுக்குள்ள இருந்து ஒரே ஒரு மணியை எடுத்து, கண்ணாடித் துண்டில வைச்சுப் பாக்க வேணும்.

அவர் ஒரு கேள்விதான் கேட்டார். கடையில விக்கிற குங்குமத்திலயும் சில பேர் வெர்மிலியன் கலக்கிறவை, உங்கடையில இல்லையெண்டு எப்பிடித் தெரியும்?

சின்னம்மா வீட்டில செய்யிறது எண்டன். சின்னம்மா சொல்லுறா, சரி. வெயிலில்லாத மாதம் அலுப்பில கடையில வாங்கிப் போத்தலில நிரப்பி அனுப்பியிருந்தால்? மனுசிக்கு அந்தப் புத்தியும் உண்டு. என்ர குங்குமமும் நிறம் மாறாமல் நிண்டால் அதோட எல்லாம் முடிஞ்சுது. எது ஆற்றதெண்டு பிரிக்கேலாது, பின்னேரம் தொட்டி, நான் வீடு.

மிஸ்டர் ஹால் புது ஊசியை நெருப்பில காட்டி ஆறவிட்டார். மூண்டு கண்ணாடித் துண்டு வைச்சார். முதலாவதுக்கு என்ர நெத்தியில இருந்து நான் விரலால தொட்டுத் தட்டினன். ரெண்டாவதுக்குப் பெட்டி மூடியில இருந்து அவர் சுரண்டினார். மூண்டாவதுக்கு, மைக்ரோஸ்கோப்பில கண்ணை வைச்சு, மூச்சை அடக்கிக்கொண்டு, கோட்டுக்குள்ள இருந்து ஒரு மணி எடுத்தார். பிழைச்சுப் போனால் இன்னொண்டு எடுக்க அவருக்கு மனம் வராதெண்டு எனக்குத் தெரியும்.

அமோனியா மணம் மூக்கில ஏறிச்சுது. கண்ணாடிக் குச்சியால முதல் துண்டில ஒரு துளி விட்டார். என்னைப் பாக்கச் சொன்னார். பாத்தன். சிவப்பாத்தான் கிடந்தது. சின்னம்மா, என்னைக் கெடுத்துப்போட்டியே எண்டு மனதுக்குள்ள கத்தினன். அந்த நேரத்தில ஓரத்தில இருந்து மெள்ள ஒரு நிழல் ஏறி, தூள் பழுப்பாகி, பிறகு கரும்பச்சையாகி, கடைசியில கறுத்துது. இணுவிலில இருக்கிற மனுசியை அந்த இடத்திலயே மனதாரக் கும்பிட்டன். ரெண்டாவது துண்டு, பெட்டியில இருந்தது, அதுவும் அப்பிடியே கறுத்துது.

மூண்டாவதுக்கு அவர் துளியை விட்டிட்டுத் தானே குனிஞ்சார். எனக்குக் காட்டேல்லை. அவற்ற முதுகைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். வெளியில தேத்தண்ணி வண்டி வந்து மணி அடிச்சுது. ரெண்டு பேரும் அசையேல்லை. வண்டி போயிட்டுது. அவர் கண்ணை எடுக்கேல்லை. ஒரு மனுசன் இவ்வளவு நேரம் குனிஞ்சு நிண்டால் என்ன அர்த்தம், கறுத்திட்டுது, எனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு யோசிக்கிறார் எண்டு நான் முடிவு கட்டிட்டன். இவரிட்டப் போய் என்ன சொல்லுறதெண்டு சொல்லுக் கோக்கத் தொடங்கிட்டன்.

அவர் நிமிந்து விலகி நிண்டு, பாருங்கோ எண்டு கையால காட்டினார். குனிஞ்சன். அமோனியாத் துளிக்கு நடுவில அந்த மணி கிடந்தது. கொவ்வைப்பழச் சிவப்பு. ஒரு மாற்றமுமில்லை.

மிஸ்டர் ஹால் தொட்டியடிக்குப் போய் மின்சார வயரைச் சுவரில இருந்து பிடுங்கினார். திரும்பி வந்து, சட்டம் சட்டம்தான், மேசைக்கு மேல உதிர்ற ஒண்டும் வரக் கூடாது எண்டார். எனக்குத் திரும்பக் கொதிச்சுது. ஆனால் யோசிச்சால், மனுசன் சொல்லுறதில பிழையில்லை. அடுத்த நாள் சிவப்புச் சாந்துப் பொட்டு வைச்சுக்கொண்டு போனன். அது தண்ணியாத் தொட்டு வைக்கிறது, காய்ஞ்சால் உதிராது. அவருக்கு முன்னால நிண்டு, வெள்ளைக் கடதாசியால என்ர நெத்தியை நானே அழுத்தித் தேய்ச்சு, கடதாசியை மேசையில வைச்சன். கைக்குக் கை குடுக்கேல்லை. அவர் எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். சுத்தமா இருந்தது. தலையாட்டிப்போட்டுத் தன்ர வேலைக்குப் போயிட்டார். சாந்து வேலைக்கு, குங்குமம் வீட்டுக்கு எண்டு அண்டையில இருந்து வழக்கமாச்சுது.

கோடாலி துருவோடதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போச்சுது. பெரியவர் ஏசினதையெல்லாம் மிஸ்டர் ஹால் தனிய வாங்கிக் கட்டினவர், என்ர பேரை இழுக்கேல்லை. என்னை நிரந்தரமாக்கினதும் அவர்தான். ஆனால் சந்தேகப்பட்டதுக்கு ஒரு சொல் மன்னிப்புக் கேக்கேல்லை. அது எனக்குக் கனநாள் நெஞ்சுக்குள்ள கிடந்து அரிச்சுது. ஏன் பொய் சொல்ல, அவரோட முகம் குடுத்துக் கதைக்கிறதையே குறைச்சுப்போட்டன்.

கண்காட்சி முடியிற நேரம் ஒரு பொம்பிளை வந்தா. அந்தச் சனத்து மனுசி. இஞ்சத்தை ஆதிவாசிச் சனம் தங்கட காணி உரிமைக்காகக் கூட்டின கூட்டத்துக்கு வந்த இடத்தில, எங்கட சனத்தின்ர பொருள் ஒண்டு இஞ்ச இருக்காம், பாக்க வேணும் எண்டு கேட்டவ. அவையளுக்குள்ள தலைவரைத் தெரிவு செய்யிறதும், சரியில்லையெண்டால் இறக்கிறதும் பெண்டுகள்தான். இவவும் அந்த உரிமை உள்ள ஒரு மனுசி. குட்டை, தடிச்ச கண்ணாடி, சப்பாத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்து வந்தா. பெட்டியில இருந்து எடுத்து லாப்பு மேசையில வைச்சம். அவ கையை நீட்டேல்லை. மேசையைச் சுத்தி வந்து முதல்ல கண்ணாலதான் பாத்தா. மிஸ்டர் ஹால் அதைக் கவனிச்சதை நான் கண்டன்.

பிறைக்குக் கீழ அவவின்ர கண் நிண்டது. பிறகு நிமிந்து என்ர நெத்தியைப் பாத்தா. அவ என்னைப் பாத்து, அது உன்ரயோ எண்டு கேட்டா. திரும்ப அதே கேள்வி. நான் வாயைத் திறக்க முன்னம் மிஸ்டர் ஹால் முன்னுக்கு வந்தார்.

"இல்லை. அது உங்கடை. நெத்தியில இருக்கிறது அவவின்ரை. நான் சந்தேகப்பட்டனான். அவதான் நிரூபிச்சவ. இல்லாட்டில் நான் கழுவியிருப்பன்."

குரல் இறங்கேல்லை. எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். காது ரெண்டும் சிவந்து போச்சுது மனுசனுக்கு.

அந்த மனுசி கழுவியிருப்பன் எண்ட சொல்லைக் கேட்டு மிஸ்டர் ஹாலை ஒருக்கா ஏறிட்டுப் பாத்தா. பிறகு என்னட்டத்தான் சொன்னா. இந்தச் சிவப்பு, சண்டைக்கு வாறியோ எண்டு கேக்கிற சிவப்பு. பூசிறது ஆம்பிளையளா இருக்கலாம். போகலாமோ, கூடாதோ எண்டு சொல்ற சொல்லு பெண்டுகளிட்டயும் இருக்கு. நாங்கள் சாப்பாடும் சப்பாத்தும் குடுக்காட்டில் ஒருத்தரும் வாசல் படலையைத் தாண்டேலாது எண்டு சிரிச்சா. உன்ர சிவப்பு என்ன சொல்லுது எண்டு கேட்டா.

வீட்டில ஒரு மனுசன் உயிரோட இருக்கிறான் எண்டு சொல்லுது எண்டன்.

"அதைச் சொல்றது ஆர், நீயோ அவனோ?"

அவ மிஸ்டர் ஹாலிட்டத் திரும்பி, இதை எங்களுக்கு எப்ப அனுப்புவியள் எண்டு கேட்டா. அது அவற்ற கையில இருந்த விசயமில்லை. அவர் செய்தது ஒண்டுதான். கையுறையைக் கழட்டிப்போட்டு, கோடாலியை ரெண்டு கையால ஏந்தி எடுத்து, மேசையில வைக்காமல், அவவின்ர வெறுங்கையில நேர குடுத்தார். நான் அங்க இருந்த காலம் முழுக்க அவர் அப்பிடி ஒருத்தருக்கும் குடுத்ததை நான் காணேல்லை.

தர்ஷினி, இதுதான் நீ கேட்டதுக்கு மறுமொழி. ஆனால் கதை முடியேல்லை.

குணரத்தினம் அங்கிள் போனது உனக்குத் தெரியும், நீயும் வந்தனி. பிரேதத்தை எடுக்கிறதுக்கு முன்னம் மச்சாள்மார் என்னைச் சுத்தி நிண்டது நினைவிருக்கோ? பெரிய மச்சாள் கையில ஈரத் துணி வைச்சிருந்தவ. நெத்தியை அழிக்கிறதுக்கு. நல்ல மனுசி, அழுது அழுதுதான் கிட்ட வந்தவ. முறையைத்தானே செய்ய வாறா எண்டு நானும் முகத்தைக் குடுக்கத்தான் போனன். அந்தக் கை நெத்திக்குக் கிட்ட வரேக்க, பெட்டிக்குள்ள படுத்திருக்கிற மனுசனைப் பாத்தன். வேலையைக் காப்பாத்த அழிச்சுப்போட்டு வாரும் எண்டு சொன்ன மனுசன். அண்டைக்கு நான் அவருக்காகவும் அழிக்கேல்லை.

மச்சாளின்ர கையைப் பிடிச்சு மெள்ள இறக்கினன்.

"விடுங்கோ மச்சாள். அது என்ரது" எண்டன்.

சனம் கதைச்சது. இப்பவும் கதைக்குது, கோயிலில என்னைக் கண்டால் சில பேர் நெத்தியைப் பாத்திட்டு முகத்தைத் திருப்புவினம். திருப்பட்டும்.

வாற கிழமை கோடாலியைப் பெட்டியில அடுக்கேக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறாய். வாறன். அந்தச் சனத்தில இருந்து கொண்டுபோக ஆக்கள் வருவினமெண்டும் சொன்னாய். அவையளிட்டக் குடுக்கேக்க மேசையில வைக்காதை பிள்ளை, கையில குடு. நான் தள்ளி நிண்டு பாக்கிறன். எனக்கு இனி மேசைக்கு மேல குனியிற வேலை இல்லை. சாந்து தேவையில்லை. குங்குமமே வைச்சுக்கொண்டு வாறன்.